ரோஸ்காவில் பொம்மை வந்துவிட்டதா? அப்படியென்றால் பிப்ரவரி 2 உங்கள் செலவு

மெக்சிகோவின் குவாதலஹாரா நகரில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. ஜனவரி 6 அன்று அலுவலகத்தில் ரோஸ்கா என்று வளையம் மாதிரி ஒரு பெரிய ரொட்டியை வெட்டினார்களாம். அவர் வெட்டிய துண்டுக்குள் விரல்நுனி அளவில் ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் குழந்தை. எல்லோரும் கைதட்டி "தமாலெஸ், தமாலெஸ்" என்று கத்தியிருக்கிறார்கள். போதாததற்கு, மாடி வீட்டு அம்மா, "பிப்ரவரி 2 அன்று எங்கள் வீட்டுக் குழந்தை இயேசுவைக் கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போகிறோம், நீங்களும் வாருங்கள்" என்று அழைத்திருக்கிறார். கேட்பவர் இந்து, அதிலும் சைவச் சாப்பாட்டுக்காரர். இது என்ன விழா, தான் என்ன செய்ய வேண்டும், போகலாமா கூடாதா என்பதுதான் கேள்வி.

சுருக்கமாகச் சொன்னால்: போகலாம், தாராளமாகப் போகலாம். பொம்மை வந்ததற்கு பிப்ரவரி 2 அன்று அலுவலகத்துக்குத் தமாலெஸ் (மக்காச்சோள மாவில் பூரணம் வைத்து, மடலில் சுற்றி ஆவியில் வேகவைத்த பலகாரம்) வாங்கித் தர வேண்டும். சைவம் என்பதற்கு வழி இருக்கிறது, ஆனால் கொஞ்சம் விசாரித்து வாங்க வேண்டும். அதைக் கடைசியில் சொல்கிறேன். மெக்சிகோவில் பல வருடம் குடும்பங்களோடு பழகியவன் என்ற முறையில் முதலில் இதன் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாவிட்டால் ரொட்டி ஒரு விளையாட்டு, கோயில் ஒரு சடங்கு, சாப்பாடு ஒரு விருந்து என்று தனித்தனியாகத்தான் தோன்றும். உண்மையில் ஜனவரி 6ம் பிப்ரவரி 2ம் ஒரே விழாவின் இரண்டு பாதிகள். நடுவில் இருக்கும் நான்கு வாரமும் ஒரு கடன்தவணை. யார் வீட்டில் யார் கடன்பட்டிருக்கிறார் என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் மறக்கவும் விடமாட்டார்கள்.

மெக்சிகோவின் கிறிஸ்துமஸ் டிசம்பர் 25ஓடு முடிவதில்லை. டிசம்பர் 12 குவாதலூப்பே மாதா திருநாளில் தொடங்கி ஜனவரி 6 மூன்று அரசர் திருநாள் வரை விருந்து ஓயாது என்பதால், அதை "குவாதலூப்பே–ரேயெஸ் மாரத்தான்" என்று கேலியாகச் சொல்வார்கள். நடுவில் டிசம்பர் 16 முதல் 24 வரை ஒன்பது இரவுகள் போசாதாஸ்: சூசையும் மரியாளும் தங்க இடம் தேடி அலைந்ததை நினைத்து, தெருவில் ஒரு கூட்டம் கதவைத் தட்டிப் பாடும், உள்ளே ஒரு கூட்டம் இடமில்லை என்று பதில் பாடும், கடைசியில் கதவு திறக்கும், பிறகு சாப்பாடு. அகொல்மான் ஊரிலிருந்த அகுஸ்தீனியத் துறவி தியேகோ தெ சோரியா 1587இல் அந்த ஒன்பது நாள் பூசைகளுக்கு போப்பாண்டவரிடம் அனுமதி வாங்கியதிலிருந்து இது தொடங்குகிறது என்பார்கள். போசாதாஸைப் பற்றி எழுத எவ்வளவோ இருக்கிறது, ஆனால் உங்கள் கேள்வி அது இல்லை.

உங்கள் கேள்விக்கு வேண்டியது வீட்டு மூலையில் இருக்கும் குடில். நசிமியெந்தோ என்பார்கள். பாசி, மரத்தில் தொங்கும் சாம்பல்நிறக் கொடிப்பாசி, களிமண் ஆடுமாடு, கண்ணாடித்துண்டில் குளம், இடம் இருந்தால் கிணறு, சந்தை, தமாலெஸ் விற்கும் கிழவி வரைக்கும் வைப்பார்கள். டிசம்பர் 24 இரவு வரை தொட்டில் காலியாக இருக்கும். அன்றிரவு வீட்டிலுள்ள குழந்தை இயேசு சிலையை ஒரு துணியிலோ தட்டிலோ வைத்து, தாலாட்டுப் பாடி, ஒவ்வொருவராக முத்தமிட்டு, தொட்டிலில் கிடத்துவார்கள். சில வீடுகளில் முத்தமிடும்போது தட்டிலிருந்து ஒரு மிட்டாய் எடுத்துக்கொள்ளலாம். பிள்ளைகள் வரிசையில் இரண்டாவது முறை வந்து நிற்பது அதற்காகத்தான். நீன்யோ தியோஸ் என்ற இந்தச் சிலை பல குடும்பங்களில் பாட்டி காலத்துச் சொத்து. சுண்ணச்சாந்திலோ களிமண்ணிலோ செய்து, கண்ணாடிக் கண் பதித்து, இமைமுடி ஒட்டியது. மாடி வீட்டு அம்மா தூக்கிக்கொண்டு போகப்போவது இதைத்தான்.

இனி ஜனவரி 5 இரவு. கிழக்கிலிருந்து ஞானிகள் விண்மீனைப் பின்தொடர்ந்து வந்து பொன், சாம்பிராணி, வெள்ளைப்போளம் காணிக்கை கொடுத்தார்கள் என்று நற்செய்தியில் மத்தேயு எழுதுகிறார். அவர்கள் மூன்று பேர் என்றோ அரசர்கள் என்றோ அவர் சொல்லவில்லை. காணிக்கை மூன்று என்பதால் ஆளும் மூன்றானார்கள், பிற்காலத்தில் அரசர்களும் ஆனார்கள்: மெல்ச்சோர், காஸ்பார், பல்தசார். நம் ஊர்க் கத்தோலிக்கர்கள் மூவரசர் திருநாள், திருக்காட்சிப் பெருவிழா என்று கொண்டாடுவதும் இதே திருநாளைத்தான். மெக்சிகோவில் மூவரும் மூன்று விலங்கில் வருவார்கள்: குதிரை, ஒட்டகம், யானை. குடிலில் யானை நிற்பதைப் பார்த்து, நம் ஊரிலிருந்து போனதோ என்று நினைத்துக்கொள்ள வேண்டாம், அவர்களுக்கு அது கிழக்கின் அடையாளம். குடிலில் இந்த மூவரையும் முதலில் தூரத்தில் வைத்து, தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டிலை நோக்கி நகர்த்துகிற வீடுகள் உண்டு. நகர்த்தும் உரிமை வீட்டின் கடைக்குட்டிக்கு.

பரிசு கொண்டுவருகிறவர்கள் இந்த மூவர்தான். எல்லையை ஒட்டிய வட மாநிலங்களில் சான்டா கிளாஸ் கை ஓங்கியிருக்கிறது. மத்தியிலும் தெற்கிலும் அரசர்கள் இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை. பல வீடுகளில் இரண்டு பேரும் வருகிறார்கள், அப்பன் பாடுதான் திண்டாட்டம். பிள்ளைகள் கடிதம் எழுதுவார்கள். இந்த வருடம் எப்படி நடந்துகொண்டேன் என்று ஒரு சுயமதிப்பீடு, பிறகு பட்டியல். அதை ஷூவுக்குள் வைத்து குடிலுக்கு அருகிலோ சன்னலோரத்திலோ விட்டுவிடுவார்கள். விலங்குகளுக்கு வைக்கோல், ஒரு வாளித் தண்ணீர். காலையில் வைக்கோல் சிதறிக் கிடக்க வேண்டும், தண்ணீர் குறைந்திருக்க வேண்டும், இல்லையென்றால் ஆறு வயதுக்காரர் கேள்வி கேட்பார். கடிதத்தை ஹீலியம் பலூனில் கட்டி வானத்தில் விடுவதும் பழக்கம். அந்த ரப்பர் எங்கேயோ விழுந்து பறவையும் ஆமையும் தின்று சாகின்றன என்பதால், விட வேண்டாம் என்று இப்போது ஒவ்வொரு வருடமும் கேட்டுக்கொள்கிறார்கள்.

அன்றிரவு மெக்சிகோ சிட்டியில் இருந்தால் தூங்காமல் ஒரு சுற்று வாருங்கள். பொம்மைச் சந்தைகள் விடியவிடியத் திறந்திருக்கும். பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு நள்ளிரவுக்குமேல் கிளம்பி வந்த அப்பா அம்மாக்கள் சைக்கிளை முழுசாகக் கறுப்புக் குப்பைப் பையில் சுற்றித் தோளில் தூக்கிக்கொண்டு நடப்பதைப் பார்க்கலாம். கடைசி நேரத்தில் விலை இறங்கும் என்று காத்திருப்பவர்கள் ஒருபக்கம், அதுவரை பணமே கைக்கு வராதவர்கள் இன்னொரு பக்கம். டிசம்பர்ச் செலவுக்குப் பிறகு வரும் இந்த மாதத்தை "ஜனவரி மேடு" என்றுதான் மெக்சிகோவில் சொல்கிறார்கள். அடகுக்கடைகளுக்கு நல்ல வியாபாரம் நடக்கும் காலம் இது. மூன்று அரசர்களின் பெயரில் நடக்கும் அந்தப் பரிசுக்குப் பின்னால் பல வீடுகளில் அடகுச்சீட்டு ஒன்று இருக்கும்.

சரி, ரோஸ்கா. இது ஸ்பெயினிலிருந்து வந்தது. மாவு, முட்டை, வெண்ணெய், ஈஸ்ட், ஆரஞ்சுத் தோல் துருவல் எல்லாம் சேர்த்துப் பிசைந்து, வளையமாகச் செய்து, சர்க்கரையும் மாவும் கொழுப்பும் குழைத்த பட்டையை மேலே குறுக்காக ஒட்டி, இடையிடையே சிவப்பு, பச்சை, பொன்னிறப் பழத்துண்டுகளைப் பதித்துச் சுடுவார்கள். அவை கிரீடத்தின் மணிகள் என்பது விளக்கம். கூட்டம் பெரிதானால் வளையம் நீள்வட்டமாகும், மேசை நீளத்துக்கு வரும். தலைநகரின் சோக்கலோ சதுக்கத்தில் ஒரு கிலோமீட்டரைத் தாண்டிய ரோஸ்கா செய்து ஊருக்கே விநியோகித்திருக்கிறார்கள்.

இந்தப் பழத்துண்டுகளில் ஒரு சேதி இருக்கிறது. அசித்ரோன் என்ற கண்ணாடிபோன்ற மிட்டாய்தான் பழைய ரோஸ்காவின் அடையாளம். பூசணி மிட்டாய் என்று பலர் நினைத்துத் தின்றார்கள். அது பிஸ்நாகா என்ற உருண்டைக் கள்ளியின் சதை. அந்தக் கள்ளி வளர்வதே தெரியாது, ஆள் இடுப்புயரம் வரப் பல பத்தாண்டுகள் ஆகும், மிட்டாய்க்காக அறுத்தால் அதோடு சரி. இப்போது அது பாதுகாக்கப்பட்ட இனம், விற்பது குற்றம். ஒழுங்கான பேக்கரிகள் அதற்குப் பதிலாகக் கொய்யா, சீமை மாதுளைப் பழக்கூழை இறுக்கிச் செய்த ஆதே பட்டைகளை வைக்கின்றன. என் வாய்க்கு ஆதேதான் மேல், அசித்ரோனில் சர்க்கரையைத் தவிர ருசி எதுவும் கிடையாது. சந்தையில் யாராவது ரகசியமாக அசித்ரோன் நீட்டினால் வாங்காதீர்கள்.

வெட்டும் முறைக்கு வருவோம். ஒருவர் வெட்டி எல்லோருக்கும் பங்கிடுவதில்லை, கத்தி கைமாறிப் போகும், அவரவர் துண்டை அவரவர் வெட்ட வேண்டும். ஏனென்றால் பொம்மை ஏரோது மன்னனிடமிருந்து ஒளித்துவைக்கப்பட்ட குழந்தை இயேசு, கத்தி அந்த ஆபத்து. பிறந்த குழந்தையைத் தேடி ஏரோது பெத்லகேமின் ஆண் குழந்தைகளையெல்லாம் கொல்லச் சொன்னான் என்பது மத்தேயுவில் இந்தக் கதையின் அடுத்த பகுதி. கத்தி பொம்மையில் இடித்தால் ஒரு சின்ன 'க்ளக்' கேட்கும். அப்போது வெட்டியவர் முகத்தைப் பார்க்க வேண்டும். சிலர் கத்தியை நைசாக இரண்டு விரல் தள்ளி வைத்துப் பார்ப்பார்கள், மேசை முழுக்கக் கூச்சல் கிளம்பும். வெட்டிய இடத்திலிருந்து நகரக் கூடாது என்பது விதி. வாயில் பொம்மை தட்டுப்பட்டும் முழித்துக்கொண்டு மெல்லாமல் உட்கார்ந்திருப்பவர், பையில் போட்டுக்கொண்டு நழுவுகிறவர், விழுங்கிவிட்டதாகச் சொல்லப்படுகிறவர் என்று ஒவ்வொரு குடும்பத்திலும் ஒரு மாமா இருக்கிறார். உங்கள் துண்டில் வந்தது எல்லோருக்கும் முன்னால் தெரிந்துவிட்டதால் அந்த வழி உங்களுக்கு அடைபட்டுவிட்டது.

முன்காலத்தில் ஐரோப்பாவில் பொம்மை கிடையாது, ரொட்டிக்குள் ஒரு அவரை விதையை வைப்பார்கள். அது யாருக்கு வருகிறதோ அவர் அன்றைக்கு ராஜா. பிறகு பீங்கான் குழந்தை வந்தது, அப்புறம் பிளாஸ்டிக். ஐரோப்பாவில் கிடைத்தவனுக்கு மகுடம், மெக்சிகோவில் கிடைத்தவனுக்குச் செலவு. எனக்கு இந்த விழாவில் பிடித்ததே இந்தத் திருப்பம்தான். இப்போது ஒரு ரோஸ்காவில் ஒரே பொம்மை வைப்பதும் இல்லை. பெரிய வளையத்தில் நான்கு, ஐந்து என்று போட்டுவிடுகிறார்கள், செலவு பங்காகிவிடும். உங்கள் அலுவலகத்தில் வேறு யாருக்காவது வந்ததா என்று விசாரியுங்கள், அவரும் உங்கள் கூட்டாளி.

ரோஸ்காவோடு குடிப்பது சூடான சாக்லேட். இலவங்கப்பட்டையும் சர்க்கரையும் சேர்த்து அரைத்த வில்லையைப் பாலிலோ தண்ணீரிலோ கரைத்து, மொலினீயோ என்ற மர மத்தை இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் உருட்டி நுரை எழுப்புவார்கள். நுரை இல்லாத சாக்லேட்டை நீட்டினால் பாட்டிகள் குடிக்க மாட்டார்கள்.

நீங்கள் இருக்கும் ஹலிஸ்கோ மாநிலத்துக்கும் மூன்று அரசர்களுக்கும் பழைய தொடர்பு உண்டு. குவாதலஹாராவுக்குத் தெற்கே த்லஹோமுல்கோவில் 1587இல் இந்தத் திருநாளுக்கு அந்த மண்ணின் மக்களே நாடகம் போட்டார்கள். அங்கே வந்திருந்த பிரான்சிஸ்கன் துறவி அலோன்சோ போன்சே பார்த்தது எழுத்தில் பதிவாகியிருக்கிறது. அரசர்களாக நடித்தவர்கள் உயரமான மலையிலிருந்து குதிரையில் மெல்ல மெல்ல இறங்கி வந்தார்கள், கோயில் முற்றத்தில் கூட்டம் காத்துக்கொண்டு நின்றது, வசனம் நாவாத்ல் மொழியில். ஸ்பானியர் வந்து இறங்கிப் பல பத்தாண்டுகள் ஆகியிருந்த காலம் அது. அதே நகராட்சிக்குள் இருக்கும் கஹிதித்லானில் இன்றைக்கும் ஜனவரியில் மூன்று அரசர்களின் மரச்சிலைகளைப் படகில் ஏற்றி ஏரியில் வலம் கொண்டுவருகிறார்கள். ஊருக்கே அவர்கள்தான் காவல். காரில் போய் வரக்கூடிய தூரம், அடுத்த ஜனவரியில் போய்ப் பாருங்கள். யுகத்தானில் திசிமின் ஊரும் இந்த மூவருக்காகவே பேர்பெற்றது, பல கிராமங்களிலிருந்து யாத்திரைக் கூட்டம் அங்கே வந்து குவியும்.

பொம்மை கிடைத்தவர் தமாலெஸ் வாங்கித் தர வேண்டும் என்பது நகரத்து அலுவலகம் சுருக்கிக்கொண்ட விதி. பழைய முறைப்படி, பொம்மை கிடைத்தவர் அந்த வீட்டுக் குழந்தை இயேசுவுக்குப் பத்ரினோ, அதாவது ஞானத்தந்தை. பெண்ணானால் மத்ரினா. ஞானத்தாய் தகப்பன் என்ன செய்வார்களோ அதையெல்லாம் அந்தச் சிலைக்குச் செய்ய வேண்டும்: புதுத்துணி எடுக்க வேண்டும், பிப்ரவரி 2 அன்று தொட்டிலிலிருந்து தூக்க வேண்டும், கோயிலுக்குக் கொண்டுபோய் மந்திரிக்க வேண்டும், திரும்பி வந்து விருந்து வைக்க வேண்டும். மெக்சிகோவில் ஞானஸ்நானம் கொடுத்த பிள்ளையின் பெற்றோரும் ஞானப்பெற்றோரும் ஒருவரையொருவர் கொம்பாத்ரே, கொமாத்ரே என்று அழைப்பார்கள். இரத்த சம்பந்தம் இல்லாமல் உண்டாகிற இந்த உறவுக்கு அங்கே சொந்தத் தம்பிக்குரிய மரியாதை உண்டு. கடன் கேட்கலாம், சண்டைக்குத் துணைக்குக் கூப்பிடலாம், பெண் கல்யாணத்துக்குச் செலவைப் பகிரச் சொல்லலாம். சிலைக்குப் பத்ரினோ ஆனவரும் அந்த வீட்டுக்குக் கொம்பாத்ரேதான். ஒரு வாய் ரொட்டியில் ஒரு குடும்பத்துக்கு உறவுக்காரர் ஆகிவிடுகிறார். பல வீடுகளில் இதைப் பொம்மையின் தற்செயலுக்கு விடாமல், கிறிஸ்துமஸ் இரவே இன்னார்தான் மத்ரினா என்று முடிவு செய்துவிடுவதும் உண்டு. சில குடும்பங்களில் ஒருவரே மூன்று வருடம் தொடர வேண்டும்.

பிப்ரவரி 2க்கு வருவோம். மோசேயின் சட்டப்படி ஆண் குழந்தை பிறந்த நாற்பதாம் நாள் தாய் தூய்மைச்சடங்கு முடித்து, பிள்ளையைக் கோயிலில் காணிக்கையாக ஒப்புக்கொடுக்க வேண்டும். ஏழைகளானால் இரண்டு புறாக்கள் போதும். டிசம்பர் 25இலிருந்து எண்ணினால் நாற்பதாம் நாள் பிப்ரவரி 2. கோயிலில் சிமியோன் என்ற முதியவர் குழந்தையைக் கையில் வாங்கி, இவர் எல்லா இனத்தாருக்கும் ஒளி என்று சொன்னதாக லூக்கா எழுதுகிறார். அந்த ஒளிக்காகத்தான் அன்றைக்கு மெழுகுவர்த்தி மந்திரிக்கிறார்கள், இந்தத் திருநாளுக்குக் காந்தெலாரியா என்ற பெயரும் அதனால்தான் (காந்தேலா என்றால் மெழுகுவர்த்தி). மந்திரித்த மெழுகுவர்த்தியை வீட்டில் பத்திரப்படுத்தி, இடி மின்னலின்போதும் வீட்டில் யாராவது உயிருக்குப் போராடும்போதும் ஏற்றுவார்கள். கிராமங்களில் கூடையில் விதைச்சோளமும் கோயிலுக்கு வரும்.

மாடி வீட்டு அம்மா இந்த வாரமெல்லாம் என்ன செய்துகொண்டிருப்பார் என்று சொல்கிறேன். சிலைக்குத் துணி. மெக்சிகோ சிட்டியின் லா மெர்செத் சந்தைப் பகுதியில் தலவேரா என்றொரு தெரு. ஜனவரி முழுக்க அங்கே கடைக்குக் கடை குழந்தை இயேசுவுக்கான உடுப்புதான். அளவு தப்பாமலிருக்கச் சிலையையே சால்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டு வருவார்கள், கைக்குழந்தையைத் தூக்குவதுபோலத் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு. போன வருடம் கீழே விழுந்து விரல் உடைந்ததா, இமைமுடி உதிர்ந்ததா, அதற்கு ஒரு "ஆஸ்பத்திரி" உண்டு. வெள்ளைக் கோட்டு போட்ட ஆள் ஒருவர் மேசையில் பசையும் தூரிகையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், வரிசையில் நின்று "நோயாளி"யைக் கொடுக்க வேண்டும். உடுப்பில் வகை அதிகம். முதல் வருடம் வெள்ளை என்று பல வீடுகளில் கணக்கு. பிறகு கூடையும் தொப்பியும் வைத்த அதோச்சா குழந்தை, கையில் புறா ஏந்திய குழந்தை, புனித யூதா ததேயு, அந்த வீட்டில் யாராவது நோயிலிருந்து பிழைத்திருந்தால் டாக்டர் உடுப்பு. கால்பந்துக் குழுவின் சட்டை போடுவதும் நடக்கிறது. திருச்சபைக்கு இது பிடிக்கவில்லை, குழந்தையைக் குழந்தையாக வெள்ளையில் உடுத்துங்கள், விளையாட்டு வீரராக மாற்றாதீர்கள் என்று மெக்சிகோ தலைமறைமாவட்டம் சொல்லியிருக்கிறது. சட்டை விற்பது குறைந்ததாகத் தெரியவில்லை. டிசம்பரில் படுத்திருந்த சிலை பிப்ரவரி 2 அன்று சின்ன மர நாற்காலியில் உட்கார்ந்துவிடும். குடிலும் அன்றுதான் கலையும்.

இந்தப் பத்ரினோ உறவு எவ்வளவு தூரம் போகும் என்று பார்க்க வேண்டுமென்றால் தலைநகரின் தெற்கே சொச்சிமில்கோவுக்குப் போக வேண்டும். அங்கே நீன்யோபா என்று ஒரு குழந்தை இயேசு மரச்சிலை, வயது நானூறைத் தாண்டியது. அதற்குக் கோயில் கிடையாது, வீடு வீடாக வாழ்கிறது. ஒவ்வொரு பிப்ரவரி 2 அன்றும் புதிய மயோர்தோமோ, அதாவது அந்த வருடத்துப் பொறுப்பாளர், சிலையைத் தன் வீட்டுக்கு ஏற்றுக்கொள்வார். வருடம் முழுக்கக் காலையில் எழுப்பி உடுத்திவிட வேண்டும், ராத்திரி படுக்கவைக்க வேண்டும், நோயாளிகளைப் பார்க்கக் கூட்டிப்போக வேண்டும், வருகிறவர்களுக்கெல்லாம் சோறு போட வேண்டும். ராத்திரியில் எழுந்து விளையாடும் என்று நம்பிக்கை, அதனால் அறை நிறையப் பொம்மைகள். தெருவில் போகும்போது முகமூடியும் உயர்ந்த தொப்பியும் அணிந்த சினெலோக்கள் முன்னால் குதித்துக் குதித்து ஆடிக்கொண்டு போவார்கள். பொறுப்பேற்க வரிசை பல பத்தாண்டுக்கு நீண்டிருக்கிறது. தன் முறை வருவதற்குள் செத்துப்போய், மகனோ பேரனோ அந்த வருடத்தைச் செய்து முடிக்கிறார்கள். வீட்டையே இடித்துப் பெரிதாக்கிக் கட்டுகிறவர்களும் உண்டு. உங்கள் கையிலிருக்கும் பிளாஸ்டிக் பொம்மை இதன் கடைக்கோடிச் சொந்தம்.

தமாலெஸ் ஏன் என்பதற்கு வருவோம். சோளத்தைச் சுண்ணாம்பு சேர்த்து வேகவைத்து, இரவெல்லாம் ஊறவிட்டு, தோல்போகக் கழுவி, அரைத்தால் மாசா. இந்தச் சுண்ணாம்புமுறை ஸ்பானியர் வருவதற்கு மிக முன்பே அங்கே இருந்தது. சோளத்துக்குள் பூட்டிக்கிடக்கும் நியாசின் என்ற சத்து அதனால்தான் உடலில் சேர்கிறது. இந்த வேலை தெரியாமல் சோளத்தை மட்டும் கொண்டுபோய் ஏழைகளின் முழுச்சாப்பாடாக்கிய ஐரோப்பியப் பகுதிகளில் பெலாக்ரா நோய் பரவியது. மாசாவைக் கொழுப்புச் சேர்த்து அடித்து, உலர்ந்த சோளமடலிலோ, ஒஹாகா, வெராக்ரூஸ், யுகத்தான் பக்கமானால் வாழையிலையிலோ வைத்துப் பூரணம் போட்டு மடித்து, ஆவியில் வேகவைத்தால் தமாலெஸ். வாழையிலை வகையைப் பிரித்தவுடன் வரும் மணத்துக்கு நம் வீட்டு இலையடை நினைவு வரும், ருசி வேறு.

பிப்ரவரி 2க்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. 16ஆம் நூற்றாண்டில் மெக்சிகா (அஸ்டெக்) மக்களின் வழக்கங்களையெல்லாம் கேட்டு எழுதிவைத்த துறவி பெர்னார்தினோ தெ சாகுன், அவர்களுடைய ஆண்டின் முதல் மாதம் அத்ல்கவாலோ என்றும், அது கிறிஸ்தவர்கள் மாதாவின் தூய்மைச்சடங்குத் திருநாள் கொண்டாடும் பிப்ரவரி 2 அன்று தொடங்கும் என்றும் குறிக்கிறார். அது மழைத்தெய்வங்களுக்குரிய மாதம், விதைப்புக்கு முன் மழை கேட்கும் காலம். பழைய நாட்காட்டியையும் நம் தேதியையும் பொருத்துவதில் ஆய்வாளர்களுக்குள் சண்டை உண்டு. அதனால் "அஸ்டெக் விழாதான் இது, மேலே கிறிஸ்தவச் சாயம்" என்று எளிதாகச் சொல்லிவிடுகிறவர்களை நான் நம்புவதில்லை. ஆனால் சோளப்பலகாரம் அந்தப் பழைய விழாக்களில் படையலாக இருந்தது நிச்சயம், விதைச்சோளம் இன்றைக்கும் அதே நாளில் கோயிலுக்கு வருவதும் கண்ணெதிரே நடக்கிறது. கோதுமை ரொட்டியில் வாங்கிய கடனை சோளத்தில் திருப்பிக் கொடுக்கிறார்கள்.

அழைப்பு இருக்கிறதே, முதல் நாள் சாயங்காலமே மாடி வீட்டுக்குப் போய்க் கைகொடுங்கள். சமையலறையில் பெண்கள் கூட்டம் (இப்போது ஆண்களும்) மேசையைச் சுற்றி உட்கார்ந்து மடல் தடவும். மாசா சரியாக அடிபட்டதா என்பதற்கு, ஒரு சிட்டிகையை உருட்டிக் குளிர்ந்த தண்ணீர் டம்ளரில் போடுவார்கள். மிதந்தால் சரி, முழுகினால் இன்னும் அடி. பெரிய ஆவிப்பானையின் அடித் தண்ணீரில் ஒரு காசு போடுவார்கள். தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும்வரை காசு கடகடவென்று ஆடிக்கொண்டேயிருக்கும், சத்தம் நின்றால் தண்ணீர் வற்றிவிட்டது, ஓடிப்போய் ஊற்ற வேண்டும். கோபத்தோடு இருப்பவர் அந்தப் பானை பக்கம் வந்தால் தமாலெஸ் வேகாது என்று ஒரு நம்பிக்கை. சில வீடுகளில் பானையின் காதில் மடல் நாரைக் கட்டி அதற்குப் பரிகாரமும் செய்துவிடுவார்கள். மடல் ஒட்டாமல் உரிந்து வந்தால் வெந்துவிட்டது.

இனி உங்கள் சைவப் பிரச்சினை. உள்ளே பூரணம் என்ன என்று மட்டும் கேட்டால் ஏமாந்துபோவீர்கள். பச்சை மிளகாய்க் கீற்றும் சீஸும் வைத்த ராஹாஸ், அவரைக்கூழ் வைத்தது, திராட்சை போட்ட இளஞ்சிவப்பு இனிப்பு என்று இறைச்சி இல்லாத வகைகள் நிறைய உண்டு. ஆனால் மாவிலேயே பன்றிக்கொழுப்பு இருப்பதுதான் வழக்கம், கோழிச்சாறு விட்டுப் பிசைவதும் உண்டு. "சின் மந்தேகா தெ செர்தோ, சின் கால்தோ தெ போயோ" என்று கேளுங்கள்: பன்றிக்கொழுப்பும் கோழிச்சாறும் இல்லாமல். தாவர எண்ணெயில் செய்து வீகன் என்றே எழுதி விற்பவர்கள் இப்போது பெரிய நகரங்களில் இருக்கிறார்கள். உங்களுக்கு மட்டும் அங்கே ஒரு பத்து வாங்கிக்கொண்டு, அலுவலகத்துக்கு வழக்கமானதையே வாங்குவதுதான் புத்திசாலித்தனம். பன்றி வைத்த பச்சை சல்சா தமாலெஸ் இல்லாமல் கடன் தீர்ந்ததாக அவர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ரோஸ்காவிலும் முட்டை உண்டு, மேல்பட்டையில் சில பேக்கரிகள் பன்றிக்கொழுப்பு சேர்க்கும். சாப்பிட்டாயிற்று, விடுங்கள், அடுத்த வருடம் கேட்டுக்கொள்ளலாம்.

ஆளுக்கு இரண்டு, நன்றாகச் சாப்பிடுகிறவர்களுக்கு மூன்று என்று கணக்கு வையுங்கள். காரம், மோலே என்ற மிளகாய்க் குழம்பு வைத்தது, ராஹாஸ், இனிப்பு என்று கலந்து சொல்லுங்கள். கூடவே சோளக்கஞ்சியான அதோலேயும், அதில் சாக்லேட் கரைத்த சம்புராதோவும் ஒரு பெரிய பாத்திரம். ஜனவரி கடைசி வாரத்துக்குள் ஆர்டர் கொடுத்துவிடுங்கள். பிப்ரவரி 2 காலையில் போய் நின்றால் எந்தத் தமாலெஸ் கடையிலும் நிற்க இடம் இருக்காது. இரண்டு திருநாளுக்கும் அரசு விடுமுறை கிடையாது என்பதால் சாப்பாடு பெரும்பாலும் வேலைநேரத்திலேயே நடக்கும், சாயங்காலம்தான் கோயில்.

கோயிலில் உங்களிடம் யாரும் மதம் கேட்கப் போவதில்லை. ஒரு மெழுகுவர்த்தி கையில் இருந்தால் போதும், வாசலிலேயே விற்பார்கள். நற்கருணை வாங்க மட்டும் வரிசையில் நிற்காதீர்கள், அது ஞானஸ்நானம் பெற்ற கத்தோலிக்கருக்கானது. மற்றபடி கூட்டத்தில் எல்லோர் மடியிலும் உடுத்திய குழந்தை இருக்கும், சாமியார் தீர்த்தம் தெளிக்கும்போது எல்லாக் கையும் சிலையை உயரத் தூக்கும். அந்த அம்மா தன் குழந்தையைக் கொஞ்சம் பிடியுங்கள் என்று உங்கள் கையில் கொடுத்தால் தலைப்பக்கத்தைத் தாங்கிப் பிடியுங்கள். வீட்டுக்குத் திரும்பிய பிறகு "அடுத்த வருடம் நீங்கள் பத்ரினோவாக இருக்கிறீர்களா" என்று கேட்பார், அநேகமாகக் கேட்பார். சரி என்றால் ஒரு உடுப்புச் செலவும், அந்த வீட்டில் எந்த ஞாயிற்றுக்கிழமையும் சொல்லாமல் போய்ச் சாப்பிடும் உரிமையும் சேர்ந்தே வரும்.